எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழாத சட்டம்

2016 ஆகஸ்ட் 3-ம் தேதி இரவு, சரக்கு மற்றும் சேவை வரிக்கான அரசியலமைப்புத் திருத்த மசோதா மாநிலங்களவையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 203 ஓட்டு. எதிர்த்து ஒன்றுகூட இல்லை. ஐந்து நாள் கழித்து மக்களவையில் 443 பேர் ஆதரித்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு கிடையாது. இரண்டு அவையிலும் அ.தி.மு.க. மட்டும் வெளிநடப்பு செய்தது.

இத்தனை பேருக்கு இத்தனை சம்மதம் இருந்த ஒரு சட்டத்துக்கு ஏன் பதினாறு வருஷம் பிடித்தது? வாஜ்பாய் பிரதமராக இருந்த 2000-ம் ஆண்டிலேயே இதற்கான பேச்சு தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆட்சி இரண்டு முறை மாறியது, ஒரு மசோதா காலாவதி ஆனது, ஆதரித்தவர்கள் எதிர்த்தார்கள், எதிர்த்தவர்களே பிற்பாடு கொண்டுவந்தார்கள். அந்தப் பதினாறு வருஷத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நான் கோயம்புத்தூரில் கம்பெனிகளுக்கு வரிக் கணக்கு பார்க்கிறவன். விற்பனை வரிக் காலத்தில் தொழிலுக்கு வந்தேன். பிறகு வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. இப்போது மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன். சட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் எந்த ஊர் அரசியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பழைய முறையில் என்ன கஷ்டம் என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இன்றைக்குத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கோவையில் செய்த ஒரு பம்ப்செட் நாக்பூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே மத்திய அரசின் கலால் வரி. மாநில எல்லையைத் தாண்டி விற்பதால் மத்திய விற்பனை வரி, அதாவது சிஎஸ்டி. பெயர்தான் மத்திய வரி, வசூலித்து வைத்துக்கொள்வது சரக்கு கிளம்பிய மாநிலம். வாங்குகிறவர் தன் ஊர் வரி அலுவலகத்திலிருந்து சி-ஃபாரம் வாங்கி அனுப்பினால் 2 சதவீதத்தோடு போகும். அனுப்பாவிட்டால் உள்ளூர் விற்பனைக்கு என்ன வரியோ அது மொத்தமும் விற்றவர் தலையில். அந்த சி-ஃபாரத்துக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பணம் வந்திருக்கும், சரக்கு தேய்ந்தே போயிருக்கும், ஃபாரம் வந்திருக்காது. அசெஸ்மென்ட் நாள் நெருங்க நெருங்க முதலாளி நாக்பூருக்கு போன் போடுவார். சில கம்பெனிகளில் இதற்கென்றே ஒரு ஆளை ரயில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவார்கள். கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஒரே வரியாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. சிக்கல் அரசியலமைப்பில் இருந்தது. உற்பத்தி மீதும் சேவை மீதும் வரி போடும் அதிகாரம் மத்திய அரசிடம், பொருள் விற்பனை மீது வரி போடும் அதிகாரம் மாநிலங்களிடம். இருவரும் ஒரே பொருள் மீது, ஒரே கட்டத்தில் வரி போட வேண்டுமானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அதற்கு இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். ஒரு மாநிலத்தைப் பொறுத்தவரை விற்பனை வரிதான் அதன் சொந்த வருமானத்தில் பெரிய பங்கு. அதை விட்டுக்கொடு என்று கேட்கிறவர்கள், பதிலுக்கு என்ன தருவார்கள் என்பதுதான் பதினாறு வருஷமாக நடந்த பேரம்.

வாட் வந்த கதையைப் பார்த்தால் இந்தப் பேரம் நன்றாகப் புரியும். 2005 ஏப்ரல் 1-ல் பெரும்பாலான மாநிலங்கள் வாட்டுக்கு மாறின. தமிழ்நாடு மாறவில்லை. வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள், ஜெயலலிதா அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பா.ஜ.க. ஆண்ட மாநிலங்களும் முதல் வருஷம் ஒதுங்கி நின்றன. மத்திய அரசு ஒன்று செய்தது: வாட்டினால் வருமானம் குறைந்தால் முதல் வருஷம் முழு இழப்பையும், இரண்டாம் வருஷம் 75 சதவீதத்தையும், மூன்றாம் வருஷம் 50 சதவீதத்தையும் ஈடுகட்டுவதாகச் சொன்னது. மாறிய மாநிலங்களின் வசூல் ஏறியது. வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பா.ஜ.க. மாநிலங்கள் அடுத்த வருஷம் வந்தன. ஆட்சி மாறிய பிறகு 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாடும் வந்தது. 2008 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசம் வந்ததோடு அது முடிந்தது. யாரையும் நெருக்கவில்லை. அடுத்தவன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக நம்பிச் சேர்ந்தார்கள். ஒரு கூட்டாட்சி நாட்டில் வரிச் சீர்திருத்தம் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கை கெட்டது சிஎஸ்டி விவகாரத்தில். 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம், 2010 ஏப்ரல் 1 முதல் ஜிஎஸ்டி என்று அறிவித்தார். அதற்கு முன்னேற்பாடாக சிஎஸ்டியைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும். 4 சதவீதமாக இருந்தது 2007-ல் 3 ஆயிற்று, 2008 ஜூனில் 2 ஆயிற்று. மாநிலங்களுக்கு ஏற்படும் இழப்பை மத்திய அரசு தரும் என்பது ஒப்பந்தம். கொஞ்ச காலம் தந்தது. 2010 வந்தது, ஜிஎஸ்டி வரவில்லை, இழப்பீடும் சுணங்கியது. மாநிலங்கள்தான் வாட்டை 4-லிருந்து 5 சதவீதமாக உயர்த்திக்கொண்டனவே, அதில் சரியாகிவிட்டது என்று டெல்லி வாதிட்டது. வரியைக் குறைத்தது குறைத்ததாகவே நின்றது, பணம் மட்டும் வரவில்லை.

பத்திரிகைகளில் ஜிஎஸ்டி தாமதத்துக்கு ஆயிரம் காரணம் எழுதினார்கள். கட்சிச் சண்டை, கூட்டணி நெருக்கடி, அதிகாரிகளின் மெத்தனம். என் பார்வையில் இந்தச் சிஎஸ்டி நிலுவைதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான காரணம். 2 சதவீத வரிக்கே சொன்ன பணம் வரவில்லை, மொத்த விற்பனை வரியையும் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிதியமைச்சர் கேட்டால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அது நியாயமான கேள்வி.

மாநில நிதியமைச்சர்களின் அதிகாரக் குழு என்று ஒன்று இருந்தது. வாட்டையும் ஜிஎஸ்டியையும் வடிவமைத்தது அதுதான். அதன் தலைவர்களைப் பார்த்தால் ஒரு நல்ல வழக்கம் தெரியும். மேற்கு வங்கத்தின் மார்க்சிஸ்ட் நிதியமைச்சர் அசிம் தாஸ்குப்தாவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது வாஜ்பாய் ஆட்சி. மன்மோகன் ஆட்சியில் பீகாரின் பா.ஜ.க. தலைவர் சுசில்குமார் மோடி அங்கே இருந்தார். மோடி ஆட்சியில் கேரள காங்கிரஸின் கே.எம்.மாணி, அவருக்குப் பின் திரிணமூலின் அமித் மித்ரா. பெரும்பாலும் டெல்லியில் ஆள்கிறவர்களுக்கு எதிர் முகாமைச் சேர்ந்தவர்களே தலைமை தாங்கினார்கள். அப்படி ஒருவர் உட்கார்ந்து பேசினால்தான் மற்ற மாநிலங்கள் காது கொடுக்கும் என்பது தெரிந்து செய்தது. இந்த மனிதர்கள் செய்த வேலைக்கு இந்த நாடு போதுமான நன்றி சொல்லவில்லை.

2011 மார்ச்சில் பிரணாப் முகர்ஜி 115-வது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். யஷ்வந்த் சின்கா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய், 2013 ஆகஸ்ட்டில் அறிக்கை வந்தது. அதற்குள் தேர்தல். மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி ஆனது. அந்த நாட்களில் மிக உரக்க எதிர்த்தவை குஜராத்தும் மத்தியப் பிரதேசமும். குஜராத் முதல்வர் நரேந்திர மோடி. அதே மோடி பிரதமரான பின், 2014 டிசம்பர் 19-ல் அருண் ஜேட்லி 122-வது திருத்த மசோதாவாக அதையே கொண்டுவந்தார். அப்போது காங்கிரஸ் தடுத்தது. இதைக் கட்சிகளின் இரட்டை வேடம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குஜராத் சொன்ன காரணத்தையும் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும் வரி. செய்து அனுப்பும் மாநிலத்துக்கு சிஎஸ்டியும் போய்விடும். குஜராத், மகாராஷ்டிரா, தமிழ்நாடு மூன்றுக்கும் ஒரே பயம். தொழிற்சாலைக்கு நிலம், மின்சாரம், தண்ணீர், சாலை கொடுத்தது நாங்கள், வரி மட்டும் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்குமா என்பது அந்தக் கேள்வி. கட்சிக் கொடியைவிட ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவரை அதிகம் பேச வைக்கிறது.

அந்தப் பயத்தைத் தணிக்க 2014 மசோதாவில் ஒரு ஏற்பாடு இருந்தது: மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் 1 சதவீதக் கூடுதல் வரி, இரண்டு வருஷத்துக்கு, அனுப்பும் மாநிலத்துக்கே. உற்பத்தி மாநிலங்களைச் சம்மதிக்க வைக்கக் கொடுத்த விலை அது. பொருளாதாரம் படித்த யாருக்கும் அது பிடிக்கவில்லை, வரி மேல் வரியை ஒழிக்க வரும் சட்டத்திலேயே வரி மேல் வரி. மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியனின் குழு 2015 டிசம்பரில் அதைக் கைவிடச் சொன்னது. காங்கிரஸின் மூன்று நிபந்தனையில் ஒன்றும் அதுதான். மற்ற இரண்டு: வரி 18 சதவீதத்தைத் தாண்டாது என்று அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும், மாநிலங்களுக்கு இடையில் தகராறு வந்தால் தீர்க்கச் சுதந்திரமான அமைப்பு வேண்டும்.

மக்களவையில் 2015 மே 6-ம் தேதியே மசோதா நிறைவேறிவிட்டது. மாநிலங்களவையில் ஆளுங்கட்சிக்குப் பலம் இல்லை. பூபேந்தர் யாதவ் தலைமையில் தேர்வுக்குழு, ஜூலையில் அறிக்கை, பிறகு அமளி. நவம்பரில் பிரதமர், சோனியா காந்தியையும் மன்மோகன் சிங்கையும் தேநீருக்கு அழைத்தார், இதோ முடிந்துவிடும் என்று எல்லாரும் எழுதினார்கள். டிசம்பரில் சோனியா, ராகுல் மீதான நேஷனல் ஹெரால்டு வழக்கு சூடு பிடித்து அவையே நடக்கவில்லை. ஒரு வழக்குக்கும் வரிச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால் ஒன்றுமில்லை, அவை நடந்தால்தானே சட்டம் வரும்.

முடிச்சு அவிழ்ந்தது 2016 கோடையில். மாநிலங்களவைத் தேர்தலில் எண்ணிக்கை கொஞ்சம் மாறியது. அதைவிட முக்கியம், மாநிலக் கட்சிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பொருளை நுகரும் மாநிலங்களுக்கு இதில் லாபம், காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஜூன் 14-ம் தேதி கொல்கத்தாவில் நடந்த அதிகாரக் குழுக் கூட்டத்தில் தமிழ்நாட்டைத் தவிர அநேகமாக எல்லாரும் சரி என்றார்கள். அதற்குப் பிறகு காங்கிரஸ் தனியாகத் தடுக்க முடியாது. ஜூலை 27-ல் மத்திய அமைச்சரவை 1 சதவீத வரியை எடுத்துவிட்டது. இழப்பீடு முதலில் நாடாளுமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாக, அதிகபட்சம் ஐந்து ஆண்டு என்று இருந்தது. கடைசி வடிவில் முழு ஐந்து ஆண்டுக்கும் கட்டாயம் ஆயிற்று. பிறகு வந்த இழப்பீட்டுச் சட்டம் 2015-16 வசூலை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி, அதற்குக் கீழே எவ்வளவு குறைந்தாலும் முழுசாகத் தரப்படும் என்றது. 14 சதவீதம் என்பது பெரிய வாக்குறுதி. பழைய நிலுவையால் கெட்ட பெயரை அழிக்க அவ்வளவு பெரிய வாக்குறுதி தேவைப்பட்டது.

பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தும் வெளியே நின்றன. மதுபானமும் வெளியே. எத்தனையோ பேர் என்னிடம் கேட்பார்கள், ஒரே நாடு ஒரே வரி என்றால் பெட்ரோல் ஏன் உள்ளே வரவில்லை என்று. மாநிலங்களின் கையில் சுயமாக ஏற்றி இறக்க மிச்சமிருக்கும் பெரிய வரிகள் இவைதான். அதையும் கேட்டிருந்தால் சட்டமே வந்திருக்காது. தமிழ்நாட்டுக்கு டாஸ்மாக் வரி எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அ.தி.மு.க. வெளிநடப்புக்கு வருகிறேன். அன்று அதைப் பலர் பிடிவாதம் என்றார்கள், என் தொழிலில் இருந்தவர்களும் சொன்னார்கள். மாநிலங்களவையில் நவநீதகிருஷ்ணன் பேசியதன் சாரம், இந்த மசோதா மாநிலங்களின் நிதி உரிமையைப் பறிக்கிறது, இது அரசியலமைப்புக்கே முரணானது என்பது. தேர்வுக்குழுவிலும் அவர்கள் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்திருந்தார்கள். கட்சி அரசியலில் எனக்கு அவர்களோடு ஒட்டுறவு இல்லை. ஆனால் அந்த ஆட்சேபணையின் மையத்தில் இருந்தது 279ஏ என்ற பிரிவு, அதைப் பற்றி அந்த இரண்டு நாளிலும் மற்றவர்கள் பேச வேண்டிய அளவு பேசவில்லை. 18 சதவீதமா 20 சதவீதமா என்பதில் எல்லாருடைய மூச்சும் போய்விட்டது.

279ஏ என்ன சொல்கிறது? ஜிஎஸ்டி கவுன்சில் என்று ஒன்று இருக்கும். மத்திய நிதியமைச்சர் தலைவர், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஓர் அமைச்சர். ஓட்டெடுப்பு வந்தால் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டெல்லி, புதுச்சேரி போன்ற சட்டமன்றமுள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 31 உறுப்பினர்கள். எல்லாரும் ஓட்டுப் போட்டால் ஒருவருக்கு 2.15 சதவீதம். 31 பேரும் ஒன்றுசேர்ந்து நின்றாலும் 66.67-தான், 75-ஐத் தொடாது. அதாவது மத்திய அரசு வேண்டாம் என்றால் எந்த முடிவும் இல்லை. மத்திய அரசு வேண்டும் என்றால் அதற்கு 20 மாநிலம் துணை நின்றால் போதும். மத்திய அரசு கொண்டுவருவதைத் தடுக்க 12 மாநிலம் ஒன்றுசேர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 7.2 கோடிப் பேர் வாழ்ந்த தமிழ்நாட்டுக்கும், சுமார் 6 லட்சம் பேர் வாழ்ந்த சிக்கிமுக்கும் ஒரே எடை. சிக்கிம் மக்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர்களுக்கும் குரல் வேண்டும். ஆனால் வரியை அதிகம் கட்டுகிற, அதிகம் இழக்கக்கூடிய ஒரு மாநிலத்துக்கு அந்த வரியை முடிவு செய்வதில் 2 சதவீதச் சொல் மட்டும் என்பது, 203 பேர் ஆதரவாக ஓட்டுப் போடுவதற்கு முன் ஒருநாள் முழுக்கப் பேசியிருக்க வேண்டிய விஷயம். 2021 மே மாதம், நிதியமைச்சராகத் தன் முதல் கவுன்சில் கூட்டத்தில் பழனிவேல் தியாகராஜன் இதைத்தான் எழுப்பினார். சட்டம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

வெளிநடப்பால் எதுவும் மாறவில்லை என்பதும் உண்மை. தனியாக நின்ற மாநிலத்துக்கு யாரும் விலை கொடுக்கத் தேவையில்லாமல் போனது. அஸ்ஸாம் ஆகஸ்ட் 12-ம் தேதியே ஒப்புதல் கொடுத்தது, அடுத்தடுத்து மற்ற மாநிலங்களும் கொடுக்க, செப்டம்பர் 8-ல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். 2011-ல் முதல் மசோதாவைக் கொண்டுவந்த அதே பிரணாப் முகர்ஜி. செப்டம்பர் 22-ம் தேதி கவுன்சிலின் முதல் கூட்டம் டெல்லியில் தொடங்கியது. அன்று இரவுதான் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எந்தச் சட்டத்தை அவர் கடைசிவரை எதிர்த்தாரோ அதன் விவரங்கள் முடிவான மாதங்களில் அவர் பேச்சு எங்கும் கேட்கவில்லை. நவம்பர் 3-ல் 5, 12, 18, 28 என்று நான்கு அடுக்கு முடிவாயிற்று. ஐந்தாம் நாள் பணமதிப்பிழப்பு. டிசம்பர் 5-ல் அவர் காலமானார். வரிகள் உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில் தமிழ்நாடு தன் துக்கத்திலும் குழப்பத்திலும் இருந்தது.

அதன் பிறகு பின்வாங்க வழியும் இல்லை. திருத்தச் சட்டத்தின் 19-வது பிரிவு, பழைய வரிச் சட்டங்கள் ஓராண்டுக்கு மேல் செல்லாது என்றது. 2017 செப்டம்பர் பாதிக்குள் ஒரு மாநிலம் தன் ஜிஎஸ்டி சட்டத்தை நிறைவேற்றாவிட்டால் பழைய வரியையும் வசூலிக்க முடியாது, புதிய வரியையும் வசூலிக்க முடியாது. அந்தக் கெடு எல்லாரையும் உட்கார வைத்தது. ஒன்றரைக் கோடிக்குக் கீழ் விற்றுவரவு உள்ளவர்களில் 90 சதவீதம் மாநில அதிகாரிகளிடம், மேலே உள்ளவர்கள் பாதிப் பாதி என்று ஜனவரியில் பிரித்துக்கொண்டார்கள். சிறு வியாபாரிகள் முழுவதும் எங்களிடமே இருக்கட்டும் என்று தமிழ்நாடு கேட்டதில் இது ஓரளவுக்குக் கிடைத்தது. ஜிஎஸ்டிக்கான மற்ற மசோதாக்கள் பண மசோதாவாக வரக் கூடாது, மாநிலங்களவைக்கும் சொல் வேண்டும் என்று சிதம்பரம் 2016 ஆகஸ்ட்டில் உறுதி கேட்டிருந்தார். ஜேட்லி பிடிகொடுக்கவில்லை. 2017 மார்ச்சில் பண மசோதாவாகத்தான் வந்தன. எதிர்த்த தமிழ்நாடும் ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. ஜூன் 30 நள்ளிரவு நாடாளுமன்ற மைய மண்டபத்தில் மணி அடித்தார்கள். வாளையாரில் செக்போஸ்ட் எடுபட்டது, லாரிகள் நிற்காமல் போவதை நான் பார்த்தேன். அது பெரிய காரியம், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் கொடுத்த வாக்கின் சோதனை பிற்பாடு வந்தது. இழப்பீட்டுக்கான பணம் மத்திய அரசின் கஜானாவிலிருந்து வரவில்லை. கார், புகையிலை, நிலக்கரி, குளிர்பானம் போன்றவற்றின் மேல் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியிலிருந்து வந்தது. 2020-ல் கொரோனாவில் அந்த செஸ்ஸே வற்றியபோது, இது கடவுளின் செயல் என்றும், மாநிலங்களே கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றும் கவுன்சிலில் சொல்லப்பட்டது. மாதக்கணக்கில் சண்டை நடந்த பிறகு மத்திய அரசே கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது, அந்தக் கடனை அடைக்க செஸ்ஸை 2026 மார்ச் வரை நீட்டினார்கள். பணம் கடைசியில் வந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். ஆனால் சிஎஸ்டி காலத்துப் பழைய பயம் அந்த மாதங்களில் எல்லா மாநிலத் தலைநகரிலும் திரும்பி வந்தது.

2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கவுன்சில் கூடியது. இழப்பீட்டுக் காலம் முடிய இரண்டே நாள் இருந்தது. நீட்டிக்கச் சொல்லிப் பல மாநிலங்கள் கேட்டன, முடிவு எதுவும் இல்லை, அதோடு இழப்பீடு நின்றது. அதே கூட்டத்தில்தான் மின்சாரத்தில் ஓடும் தண்ணீர் பம்புக்கு 12-லிருந்து 18 ஆகவும், கல் வைத்த வெட் கிரைண்டருக்கு 5-லிருந்து 18 ஆகவும் வரி ஏறியது. இரண்டும் எங்கள் ஊர்ப் பொருள். வெட் கிரைண்டரைப் புவிசார் குறியீடு வாங்கும் அளவுக்கு வளர்த்த ஊர் இது. சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள், சார், இதுக்கு யாரைப் போய்ப் பாக்கறது? முன்பெல்லாம் சங்கத்து ஆட்கள் ஒரு மனுவோடு சென்னைக்குப் பஸ் ஏறுவார்கள். வணிகவரி அமைச்சரைப் பார்ப்பார்கள், எம்.எல்.ஏ. கூட வருவார், அடுத்த பட்ஜெட்டில் ஒரு சதவீதமாவது குறையும், குறையாவிட்டால் அடுத்த தேர்தலில் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்பார்கள். இப்போது சென்னையில் கேட்டால் கவுன்சில் என்பார்கள், டெல்லியில் கேட்டால் எல்லா மாநிலமும் சேர்ந்து எடுத்த முடிவு என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. 2024-ல் இங்கே நடந்த ஒரு கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று ஓர் ஓட்டல்காரர் நிர்மலா சீதாராமனிடம் சொன்னது நாடு முழுக்கப் பரவியது. அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டவர்கள் பலர். எனக்கு அதில் தெரிந்தது, தன் கேள்வியை எங்கே கொண்டுபோய்ச் சொல்வதென்று தெரியாத ஒரு வியாபாரி.

கவுன்சிலின் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் சமமான அதிகாரம் உண்டு என்று 2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் மோகித் மினரல்ஸ் வழக்கில் சொன்னது. சட்டப்படி அது பெரிய தீர்ப்பு. நடைமுறையில் ஒரு மாநிலமும் விலகி நடக்கவில்லை, நடந்தால், வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சங்கிலியே அறுந்துவிடும். தகராறைத் தீர்க்க ஓர் அமைப்பைக் கவுன்சில் ஏற்படுத்த வேண்டும் என்று 279ஏ-விலேயே எழுதியிருக்கிறது. காங்கிரஸ் 2016-ல் போராடி வாங்கியதில் மிஞ்சியது அது. அந்த அமைப்பு இன்னும் செயலுக்கு வரவில்லை. கவுன்சிலில் இதுவரை ஓட்டெடுப்பு என்று நடந்தது அபூர்வம், 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காக நடந்ததுதான் முதல், 21-க்கு 7. மற்றதெல்லாம் ஒருமித்த முடிவு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு ஒருமித்துப் போவதைத் தவிர ஒரு மாநிலத்துக்கு வேறு என்ன இருக்கிறது?

2025 செப்டம்பர் 3-ம் தேதி நடந்ததும் இதே வழிதான். இரண்டு நாளுக்கு அழைத்த கூட்டம் ஒரே நாளில், இரவு வெகு நேரம் வரை நீண்டு முடிந்தது. 12-ம் 28-ம் போயிற்று, 5-ம் 18-ம் நின்றது, சில பொருளுக்கு 40. விலை குறைந்தது, ஜனங்களுக்கு நல்லது, கிரீம் பன்னும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. நானும் வரவேற்றேன். அதற்கு முந்தின வாரம் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, மேற்கு வங்கம் உட்பட எட்டு மாநிலங்கள் டெல்லியில் கூடி, வரி குறையட்டும், எங்கள் வருமானத்துக்கு ஒரு பாதுகாப்பு கொடுங்கள் என்று கேட்டிருந்தன. எட்டு மாநிலம். தடுக்கப் பன்னிரண்டு வேண்டும். வரிக்குறைப்பு நிறைவேறியது, பாதுகாப்பு கிடைக்கவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. கவுன்சிலில் தமிழ்நாட்டு அமைச்சர் என்ன பேசினார், எதற்குச் சம்மதித்தார், எதற்கு ஆட்சேபித்தார் என்பதை ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் சட்டமன்றத்தில் ஒரு அறிக்கையாக வைக்க வேண்டும். அதன் மேல் ஒருநாள் விவாதம் நடக்க வேண்டும். மாநில ஜிஎஸ்டி திருத்த மசோதாக்கள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், மற்ற மசோதாக்களோடு மசோதாவாகக் குரல் ஓட்டில் போய்விடுகின்றன. எங்கள் ஊர் உறுப்பினர்கள் அதில் பேசினார்களா என்று பார்க்க, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிரைண்டர் பட்டறைக்காரர்கள் சங்கத்தில் அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எம்.எல்.ஏ.வையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.